மூன்றாம் தொகுதி: காவிரிக்கரை வாழையின் வரலாறு

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரியும் இடத்தைச் சுற்றி ஜீயபுரம், பெட்டவாய்த்தலை, குளித்தலை வரை தென்கரையிலும், முசிறி, தொட்டியம் வரை வடகரையிலும், கொள்ளிடத்துக்கு அப்பால் லால்குடிப் பக்கத்திலும் நெல்லுக்கு அடுத்தபடி கண்ணில் நிறைவது வாழை. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், பச்சநாடன், கற்பூரவல்லி, மொந்தன் என்று இவற்றுக்குப் பெயர்கள் பல. ஒன்றின் பழம் புளிப்பு கலந்த இனிப்பு, மற்றொன்றின் பழம் தேன். ஒன்று பந்திக்கு இலை தரும், வேறொன்று கறிக்குக் காய் தரும். இத்தனை வேறுபாட்டுக்கும் அடியில் ஓர் ஒற்றுமை உண்டு. இந்த ஆறு வகையிலும் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் 33 குரோமோசோம்கள் இருக்கின்றன. இவற்றின் முன்னோரான காட்டு வாழைகளுக்கு இருப்பது 22. கூடுதலாக வந்து சேர்ந்த 11-தான் விதையில்லாத பழத்தையும், பெரிய தாரையும், இன்றுவரை தீராத ஒரு சிக்கலையும் காவிரிக்கரைக்குக் கொண்டுவந்தது.

வாழையின் அடிப்படைத் தொகுதி 11 குரோமோசோம்கள். காட்டு வாழையில் தாய்வழித் தொகுதி ஒன்று, தந்தைவழித் தொகுதி ஒன்று என இரண்டு இருக்கும். இதை இருமடியம் என்பர். தொகுதி மூன்றானால் மும்மடியம், நான்கானால் நான்மடியம். இரண்டுக்கு மேற்பட்ட நிலைகள் எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பன்மடியம். விலங்குகளில் இது அரிது. தாவரங்களில், அதிலும் மனிதன் பயிராக்கிய தாவரங்களில், எங்கும் காணப்படுவது. ரொட்டிக் கோதுமை அறுமடியம். உருளைக்கிழங்கு நான்மடியம். ஈரோட்டு மஞ்சளில் 63 குரோமோசோம்கள். 21 கொண்ட தொகுதி மூன்று சேர்ந்த மும்மடியம் அது. அதனால்தான் மஞ்சளை விதை போட்டு வளர்ப்பதில்லை, கிழங்கை நட்டு வளர்க்கிறார்கள்.

மும்மடியம் ஏன் விதை தருவதில்லை என்பதை உயிரணுவுக்குள் பார்க்க வேண்டும். மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகும்போது குரோமோசோம்கள் இணை இணையாகச் சேர்ந்து, பின் ஆளுக்குப் பாதியாகப் பிரிந்து போகும். இரண்டு தொகுதி இருந்தால் இணை சேர்வது எளிது. மூன்று இருந்தால் ஒவ்வோர் இணைக்கும் ஒன்று மிஞ்சும். மிஞ்சியவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக முறையின்றிச் சிதறும். 11-ஆகவோ 22-ஆகவோ முழுமையாக அமையாமல் இடைப்பட்ட எண்ணிக்கையில் முடிகிற முட்டையும் மகரந்தமும் பெரும்பாலும் கருவை உருவாக்க மாட்டா. சூல் விதையாகாமல் பழத்தின் நடுவே சிறு கரும்புள்ளியாக நின்றுவிடும்.

ஆனால் விதை உண்டாகாததால் மட்டும் சதை உண்டாகிவிடாது. பெரும்பாலான தாவரங்களில் விதை பிடிக்காத பூ காயாகாமல் உதிர்ந்துவிடும். மகரந்தம் சேராமலேயே சூலகம் பருத்துச் சதையாகும் குணம் தனி மரபணுக்களால் வருவது. அது காட்டு வாழையின் சில கிளைகளில் முன்னரே இருந்தது. உண்ணும் வாழை உருவாக இரண்டும் தேவைப்பட்டன: விதையின்றிப் பழுக்கும் குணம் முதலில் வந்தது, விதையை ஏறக்குறைய முழுவதும் ஒழித்த மூன்றாம் தொகுதி பிறகு வந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழையும் கதலியும் முதல் படியிலேயே நின்றவை. அவை இருமடியங்கள், 22 குரோமோசோம்கள் கொண்டவை. ஆயினும் விதையில்லாமல் உண்ணத் தகுந்தவை. ஏலக்கி என்று கடைகளில் விற்கும் நெய்ப்பூவனும் இருமடியமே. இவற்றின் பழம் சிறியது, தாரும் சிறியது. மூன்றாம் தொகுதி வந்து சேர்ந்த வகைகளில் உயிரணு பருத்தது, இலை தடித்தது, மரம் ஓங்கியது, தாரின் எடை கூடியது.

அந்த மூன்றாம் தொகுதி எப்படி வந்தது? இருமடிய வாழையில் முட்டை உருவாகும்போது எப்போதாவது பாதியாகப் பிரியும் வேலை தவறிவிடும். அப்போது 11-க்குப் பதில் 22 குரோமோசோம்களையும் கொண்ட முட்டை உருவாகிறது. அதன்மேல் 11 கொண்ட இயல்பான மகரந்தம் சேர்ந்தால் பிறக்கும் கன்றுக்கு 33. இது மிக அரிதாக நடக்கிற செயல். நடந்தாலும் அந்தக் கன்றைக் கண்டு, பழத்தைச் சுவைத்து, பக்கக்கன்றைப் பிரித்து வேறிடத்தில் நட ஒரு மனிதக் கை வேண்டும். அந்தக் கை இல்லாவிட்டால், விதையற்ற செடி தன் கிழங்கு படர்ந்த அளவோடு நின்றுபோகும். இன்று திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கு வரும் பூவன் தார்கள் எல்லாம் எங்கோ ஒரு காலத்தில் முளைத்த ஒரே ஒரு விதையின் தொடர்ச்சி. கன்றிலிருந்து கன்றாக, ஊரிலிருந்து ஊராக, எழுதப் படிக்கத் தெரியாத எண்ணற்ற குடியானவர்கள் அதைக் கடத்தி வந்திருக்கிறார்கள். பயிர் வளர்ப்பு வரலாற்றில் பெயர் பதியாத பெருஞ்சாதனை இது.

வாழையை மனிதன் வளர்க்கத் தொடங்கிய இடங்களில் மிகப் பழைய சான்று கிடைத்திருப்பது நியூ கினியாத் தீவின் மேட்டுநிலத்தில் உள்ள கூக் சதுப்பு நிலத்தில். அங்கே சுமார் 7000 ஆண்டுகளுக்கு முன் வாழை பயிரிடப்பட்டது மண்ணில் தங்கிய இலைத் துகள்களால் தெரிய வந்தது. மூசா அக்குமினேட்டா என்னும் காட்டு வாழையின் வழி வந்தவை அவை. இந்த இனத்தின் தொகுதியை ‘ஏ’ என்று குறிப்பது வழக்கம். தென்கிழக்காசியத் தீவுகளிலிருந்து மேற்கே வந்த ஏ வாழைகள், இந்தியா முதல் பிலிப்பைன்ஸ் வரை பரவியிருந்த மூசா பால்பிசியானாவைச் சந்தித்தன. இது ‘பி’ தொகுதி. அஸ்ஸாமில் இன்றும் குழந்தைகளுக்குக் கூழாக்கிக் கொடுக்கும் பீம்கோல் இந்த வழியைச் சேர்ந்தது. பழம் நிறைய கறுத்த, கெட்டியான விதைகள் இருக்கும். இரண்டு இனங்களின் கலப்பில்தான் இந்தியாவின் பெரும்பாலான வாழைகள் பிறந்தன.

கலப்பின் விகிதமே ஒரு வகையின் இயல்பை வகுக்கிறது. ஏ தொகுதி இனிப்பையும் மென்மையையும் தருகிறது. பி தொகுதி மாவுச்சத்தையும், வறட்சியைத் தாங்கும் உரத்தையும், மெழுகு பூசிய இலையையும் தருகிறது. செவ்வாழையிலும் ரொபஸ்டாவிலும் மூன்றும் ஏ. பூவன், ரஸ்தாளி, நேந்திரன், பச்சநாடன், பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் விருப்பாட்சி ஆகியவற்றில் ஏ இரண்டு, பி ஒன்று. கற்பூரவல்லியிலும் மொந்தனிலும் ஏ ஒன்று, பி இரண்டு. மண்ணும் நீரும் சற்றுக் குறைந்த இடத்தில், உவர் தலைகாட்டும் நிலத்தில், விவசாயி கற்பூரவல்லியை நடுவதற்கு உயிரணுவுக்குள் இருக்கும் இந்த இரண்டு பி தொகுதிகள் ஒரு காரணம். அவர் அதைத் தாத்தா சொல்லிக் கொடுத்த அனுபவமாக அறிவார். ஆய்வாளர் எழுத்துகளாக எழுதுகிறார். இருவரும் சொல்வது ஒன்றே.

மும்மடிய வாழை பெரிய மரம். நீரும் அதற்கேற்றபடி நிறைய கேட்கும். நட்ட நாள் முதல் தார் வெட்டும்வரை ஏறக்குறைய ஓராண்டு வயலில் ஈரம் வற்றக் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது. ஆற்று வண்டல் படிந்த படுகை நிலம் இதற்குப் பொருத்தமானது. ஆனால் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிக்கே நீர் போதவில்லை. முக்கொம்பில் பிரியும் இரண்டு கிளைகளில் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்து, வெள்ளத்தின் பெரும்பகுதி அதன் வழியே கடலுக்கு ஓடியது. காவிரிக் கிளையில் மணல் மேடிட்டது. ஆர்தர் காட்டன் 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணையைக் கட்டியதும் நீர் காவிரிப் பக்கம் திரும்பியது. 1934-ல் மேட்டூர் அணை முடிந்தபின் நீர் வரத்தை முன்கூட்டிக் கணக்கிட முடிந்தது. திருவரங்கத் தீவுக்கு இருபுறமும் வாய்க்கால் பாசனத்தில் வாழை தொடர்ந்து நிலைத்ததற்கு இந்த இரண்டு கட்டுமானங்களும் காரணம்.

இந்தச் செடிகளின் உள்ளே எத்தனை தொகுதிகள் என்பதை எண்ணும் அறிவு 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. பன்மடியம் என்னும் கருத்துக்கு 1916-ல் பெயரிட்டவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்ளர். அதற்கு அடுத்த 20 ஆண்டுகளில் கோதுமை, புகையிலை, பருத்தி என ஒவ்வொரு பயிரிலும் தொகுதிகளை எண்ணும் வேலை உலகெங்கும் விரைந்தது. வாழையில் இதை முறையாகச் செய்தவர்கள் மேற்கிந்தியத் தீவுகளில் டிரினிடாடின் வெப்பமண்டல வேளாண் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், குறிப்பாக சீஸ்மன். கல்கத்தாவில் அகார்க்கரும் பாதுரியும் 1935-ல் இந்திய வாழைகளின் குரோமோசோம் எண்ணிக்கை பற்றி எழுதினார்கள்.

பன்மடிய ஆய்வில் தமிழகத்தின் பெரும் பங்கு வாழையைவிட முதலில் கரும்பில் தொடங்கியது. அந்தக் கதையிலும் காவிரிக்கரைச் செடி ஒன்று உண்டு. முக்கொம்புக்குக் கீழே கொள்ளிடத்தின் மணல்திட்டுகளில் வெள்ளைக் கதிரோடு அசையும் நாணல், கரும்பின் நெருங்கிய உறவு. 1912-ல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே கரும்பு பூத்து விதை பிடிக்கும் என்பதால்தான் அந்த ஊர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்த நிலையத்தின் ஆய்வாளர்கள் பார்பரும் டி.எஸ். வெங்கட்ராமனும் வெள்ளைக் கரும்பை நாணலோடு கலந்தார்கள். அதில் பிறந்த கோ 205 என்னும் வகை 1918-ல் விவசாயிகளுக்குப் போனது. வட இந்தியாவின் குளிரையும் வறட்சியையும் தாங்கிய முதல் கலப்புக் கரும்பு அது.

கோ 205-இன் குரோமோசோம் கணக்கு வியப்பூட்டுவது. வெள்ளைக் கரும்புக்கு 80, கோயம்புத்தூர் நாணலுக்கு 64. பாதியும் பாதியும் சேர்ந்தால் 72 வர வேண்டும். வந்ததோ 112. தாய்க்கரும்பு தன் 80-ஐயும் முழுமையாகக் கொடுத்துவிட்டது. நாணல் தன் பாதியான 32-ஐக் கொடுத்தது. வாழையில் எப்போதாவது நடக்கும் தவறு கரும்பில் வழக்கமாகவே நடக்கிறது. இதனால் இனிப்பைத் தரும் தாயின் பங்கு கூடி, நாணலின் முரட்டுத்தனம் குறைந்து, உரம் மட்டும் தங்கியது. நாட்டின் சர்க்கரை உற்பத்தி எழுந்தது இந்த வழியில் வந்த வகைகளால்.

அதே கோயம்புத்தூர் நிலையத்தில் 1930-களின் நடுவில் பணியாற்றியவர் தலசேரியில் 1897-ல் பிறந்த ஜானகி அம்மாள். சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் பெற்றவர். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பார்த்தார். நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை இடத்துக்கு இடம் மாறுவதை ஆராய்ந்தார். 40 முதல் 128 வரை மாறும் அந்த எண்ணிக்கை, ஒரே இனத்துக்குள் பன்மடியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகமே எடுத்துக்காட்டும் சான்று. பின் இங்கிலாந்து சென்று உயிரணுவியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து 1945-ல் வெளியிட்ட பயிர்த் தாவரக் குரோமோசோம் தொகுப்பு, பயிர் மேம்பாட்டில் ஈடுபட்ட யாரும் கையில் எடுக்காமல் இருக்க முடியாத நூலாயிற்று. நேரு அழைத்ததன் பேரில் 1951-ல் நாடு திரும்பினார். 1977-ல் பத்மஸ்ரீ பெற்றார். 1984-ல் சென்னையை அடுத்த மதுரவாயலில் மறையும்வரை ஆய்வை விடவில்லை. தமிழகத்துப் பாடப்புத்தகங்களில் அவருக்குரிய இடம் இன்னும் போதுமானதாக இல்லை.

வாழைக்குத் திரும்பினால், 1950-களின் முற்பகுதி முக்கியமான காலம். சென்னை மாகாணத்தின் வாழைகளைத் தோட்டம் தோட்டமாகத் திரட்டி விவரித்த ஜேக்கப்பின் நூல் 1952-ல் சென்னை அரசு அச்சகத்தில் வெளிவந்தது. ஊருக்கு ஊர் பெயர் மாறும் வகைகளை ஒழுங்குபடுத்திய முதல் பெருமுயற்சி அது. பூவன் ஒன்றையே எடுத்துக்கொண்டால், கேரளத்தில் அது பாளயங்கோடன், ஆந்திரத்தில் கர்ப்பூர சக்கரகேளி, கிழக்கே சம்பா. உலக வாழை நூல்களில் அதன் பெயர் மைசூர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1955-ல், டிரினிடாடின் நார்மன் சிம்மண்ட்ஸும் கென்னத் ஷெப்பர்டும் ஒரு முறையை வகுத்தார்கள். நுண்ணோக்கி இல்லாமலேயே, மரத்தின் 15 அடையாளங்களைப் பார்த்து, ஏ எத்தனை, பி எத்தனை என்று சொல்லும் முறை. ஒவ்வோர் அடையாளமும் அக்குமினேட்டாவைப் போல் இருந்தால் 1 மதிப்பெண், பால்பிசியானாவைப் போல் இருந்தால் 5. முழுக்க ஏ என்றால் கூட்டுத்தொகை 15, முழுக்க பி என்றால் 75. இரண்டு ஏ ஒரு பி கொண்டவை 24 முதல் 46 வரை. ஒரு ஏ இரண்டு பி கொண்டவை 59 முதல் 63 வரை. ஒன்றுக்கு ஒன்று சமமாக உள்ள நெய்ப்பூவன் போன்றவை 49-ல் வந்து நின்றன.

இந்த அடையாளங்களை முக்கொம்புப் பக்கம் எந்தக் கொல்லையிலும் சரிபார்க்கலாம். தண்டின் மேல்பட்டையில் கறுப்பும் பழுப்புமாகத் திட்டுகள் அடர்ந்திருந்தால் அது ஏ-யின் அடையாளம். திட்டு அரிதாகவோ இல்லாமலோ இருந்தால் பி. இலைக்காம்பின் மேற்புறப் பள்ளம் வாய் திறந்து, ஓரங்கள் விரிந்திருந்தால் ஏ. ஓரங்கள் உட்புறமாக வளைந்து வாய் மூடியிருந்தால் பி. பூவின் மடல் ஒடுங்கி, திறந்தபின் பின்னோக்கிச் சுருண்டால் ஏ. அகன்று, சுருளாமல் மேலே தூக்கி நின்றால் பி. காயைக் குறுக்கே அரிந்து பார்த்தால், சூல்கள் ஒவ்வோர் அறையிலும் ஒழுங்கான இரண்டு வரிசையாக இருப்பது ஏ, ஒழுங்கற்ற நான்கு வரிசையாக இருப்பது பி. மொந்தனின் மடலையும் செவ்வாழையின் மடலையும் அருகருகே வைத்தால் பள்ளிச் சிறுவனுக்கும் வேறுபாடு புரியும். பின்னாளில் மரபணுச் சோதனைகள் வந்தபோது சில வகைகளின் இடம் மாறியது. அடிப்படைப் பகுப்பு மாறவில்லை. 15 அடையாளங்களைக் கண்ணால் பார்த்து உயிரணுவின் உள்ளமைப்பைச் சொன்ன அந்தக் கணக்கு, தாவர வகைப்பாட்டின் அழகான சாதனைகளில் ஒன்று.

தற்செயலாக நேர்ந்துவந்த பன்மடியத்தைக் கையால் உண்டாக்கும் வழி 1937-ல் திறந்தது. அமெரிக்காவில் பிளேக்ஸ்லியும் ஏவரியும் கோல்சிசின் என்னும் பொருள் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்வதைக் காட்டினார்கள். உயிரணு பிரியும் நேரத்தில் குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்ணிழைகளை அது உருவாக விடாது. இரட்டித்த குரோமோசோம்கள் பிரிந்து போகாமல் ஒரே உயிரணுவில் தங்கிவிடும். ஐரோப்பாவில் வேறொரு கிழங்கிலிருந்து எடுக்கப்பட்ட இந்த மருந்துப் பொருள், தமிழகத்தின் மாநில மலரான செங்காந்தளிலும் உண்டு. மூலனூர் வட்டாரத்திலும் ஜெயங்கொண்டம் பக்கத்திலும் வேதாரண்யத்திலும் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் கட்டி அதைப் பயிரிடுவது விதையிலுள்ள இந்தப் பொருளுக்காகத்தான்.

எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களில் தொகுதி தானாக இரட்டிப்பதே நன்கு பயன்பட்டது. அவற்றின் அடிப்படைத் தொகுதி 9. தமிழகத்து எலுமிச்சை, கமலா, நார்த்தை உள்ளிட்ட பெரும்பாலானவை 18 கொண்ட இருமடியங்கள். அவற்றில் பலவற்றின் விதைக்குள் கருவோடு சேர்த்துத் தாயின் திசுவிலிருந்தே முளைக்கும் வேறு கருக்களும் இருக்கும். அந்தத் திசுவில் சில சமயம் குரோமோசோம்கள் தாமாக இரட்டித்து, 36 கொண்ட நான்மடியக் கன்று எழும். கலிபோர்னியாவின் ரிவர்சைடு ஆய்வு நிலையத்தில் ஹோவர்டு ஃப்ரோஸ்ட் இதை 1925-ல் பதிவு செய்தார். நான்மடியத்தை இருமடியத்தோடு கலந்தால் 27 கொண்ட, விதையற்ற மும்மடியம் கிடைக்கும். அதே நிலையத்தில் பம்ளிமாஸையும் நான்மடிய கிரேப்ஃப்ரூட்டையும் 1958-ல் கலந்து, 1980-ல் வெளியிட்ட ஓரோபிளாங்கோ அப்படிப் பிறந்தது. உலகச் சந்தையில் விற்கும் விதையில்லாப் பெரிய தஹிதி எலுமிச்சையோ, மனிதத் தலையீடு இல்லாமல் தானாகவே மும்மடியமானது. வாழை பல்லாயிரம் ஆண்டுகளில் தற்செயலாகக் கடந்த தூரத்தை எலுமிச்சை இனத்தில் ஆய்வாளர்கள் சில பத்தாண்டுகளில் திட்டமிட்டுக் கடந்தார்கள்.

வாழையில் தேவை இதற்கு நேர்மாறானது. எலுமிச்சையில் விதையை ஒழிக்க வேண்டியிருந்தது. வாழையிலோ, புதிய வகை ஒன்றை உருவாக்க வேண்டுமானால், விதையே தராத மரத்திலிருந்து எப்படியாவது ஒரு விதையைப் பெற்றாக வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பனாமா வாடல் நோய் மத்திய அமெரிக்காவின் குரோ மிஷேல் வகை வாழைத் தோட்டங்களை அழித்தபோது இந்தத் தேவை அவசரமாயிற்று. டிரினிடாடில் 1922-லும் ஜமைக்காவில் 1924-லும் கலப்பு முயற்சிகள் தொடங்கின. இந்தியாவில் 1949-ல் தஞ்சை மாவட்டத்து ஆடுதுறையில் மத்திய வாழை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. பின்னர் அந்தப் பணி கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துக்கு மாறியது.

கலப்பு முறை பொறுமையைச் சோதிப்பது. மும்மடியத் தாயின் பூவில் இருமடிய ஆணின் மகரந்தத்தைத் தார் தாராகச் சேர்ப்பார்கள். மிக அரிதாக ஒரு முட்டை பிரியாமல் 33-ஐயும் தக்கவைத்திருக்கும். அதோடு மகரந்தத்தின் 11 சேர்ந்தால் 44 கொண்ட நான்மடியம். பழுத்த தாரைப் பிசைந்து சலித்து, சீப்புச் சீப்பாகத் தேடினால் ஓரிரு விதை கிடைக்கும். பல தார்களில் ஒன்றுகூடக் கிடைக்காது. கிடைத்த விதை தானாக முளைப்பதும் அரிது. கருவை மட்டும் பிரித்தெடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க வேண்டும். பிறந்த நான்மடியத்தை மீண்டும் நல்ல இருமடியத்தோடு கலந்தால் மறுபடி மும்மடியம் வரும். ஒரு சுற்று முடிய ஆண்டுகள் பல ஆகும். இதில் எல்லாத் தாய்களும் ஒரே அளவு மலடு அல்ல. கற்பூரவல்லிப் பழத்தில் எப்போதாவது பல்லில் படும் கறுத்த விதை, அருகில் வளமான மகரந்தம் இருந்தால் அந்த வகை இன்னும் விதை பிடிக்கும் என்பதன் அறிகுறி. ரொபஸ்டா போன்ற கேவண்டிஷ் வகைகளோ ஏறக்குறைய முற்றிலும் மலடானவை.

தமிழகத்தில் இந்த வழியில் வந்த முதல் பெயர்பெற்ற பலன் கோ 1. லாடன் என்னும் மலைவாழையை பால்பிசியானாவோடு கலந்து, அதன் வழித்தோன்றலை இருமடியக் கதலியோடு சேர்த்து உண்டாக்கிய வகை அது. முடிக்கொத்து நோயால் பழனி, சிறுமலைத் தோட்டங்களில் விருப்பாட்சி அழிந்துகொண்டிருந்த நேரத்தில், அதே மணமும் புளிப்பினிப்பும் கொண்ட பழத்தைச் சமவெளியிலும் வளர்க்க வழி செய்தது. உலக அளவில் இலைப்புள்ளி நோய்க்கு எதிரான கலப்புகளில் மிகுதியாகப் பயன்பட்ட தந்தை, ‘கல்கத்தா 4’ என்ற பெயருடைய, விதை நிறைந்த ஒரு காட்டு இருமடியம். உண்ணத் தகாத அந்தப் பழத்தின் மகரந்தம் இல்லாவிட்டால் ஆப்பிரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும் இன்றுள்ள நோய் தாங்கும் கலப்பு வாழைகள் பல இல்லை.

1993 ஆகஸ்ட் 21-ல் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் திருச்சியில் தொடங்கப்பட்டது. தோகைமலை சாலையில் தாயனூரில் இயங்கும் இந்த மையத்தின் பெருஞ்செல்வம் அதன் வாழைத் தொகுப்பு. நாட்டின் பல மூலைகளிலிருந்து திரட்டிய முந்நூற்றுக்கு மேற்பட்ட வாழைகள், காட்டு வகைகள் உட்பட, அங்கே வயலில் உயிரோடு காக்கப்படுகின்றன. நெல்லின் விதையைக் குளிரறையில் பத்திரப்படுத்தலாம். மும்மடிய வாழைக்கு விதையே இல்லை. மரமாகவோ திசுவாகவோ தொடர்ந்து வளர்த்தே காக்க வேண்டும். கற்பூரவல்லி இனத்தில் பெரிய, உருளை வடிவத் தாரைக் கொடுக்கும் உதயம் அங்கிருந்து வந்தது. பிலிப்பைன்ஸ் வழியில் தேர்ந்தெடுத்து, உவர் நிலத்துக்கு ஏற்றதாகக் கண்ட காவேரி சபா வந்தது. குட்டையான காவேரி கல்கியும் வந்தது. இவை மூன்றும் பி தொகுதி இரண்டு கொண்டவை. இவற்றில் பல கலப்பால் பிறந்தவை அல்ல, தேர்வால் கிடைத்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். பழைய குடியானவர் செய்த அதே வேலையை ஆய்வு நிலையமும் தொடர்கிறது.

மூன்று தொகுதி கொண்டு, கன்றால் மட்டுமே பெருகும் பயிருக்கு வரும் ஆபத்து இதிலிருந்தே விளங்கும். ஒரு தோட்டத்து ரஸ்தாளி மரங்கள் எல்லாம் மரபில் ஒன்றே. ஒன்றைச் சாய்க்கக் கற்ற பூஞ்சை எல்லாவற்றையும் சாய்க்கும். வாடல் நோய்க்கு ரஸ்தாளி எளிதில் இரையாவதால் திருச்சி வட்டாரத்தில் பல வயல்களில் அதன் இடத்தைப் பூவன் பிடித்தது. பூவன் வாடலைத் தாங்கும். ஆனால் அதற்கு வேறொரு பகை உள்ளேயே இருக்கிறது. வாழைக் கீற்று நச்சுயிரியின் மரபுத்துண்டுகள் பி தொகுதியின் குரோமோசோம்களிலேயே தொன்றுதொட்டுப் பதிந்து கிடக்கின்றன. திசு வளர்ப்பு, இனக் கலப்பு போன்ற நெருக்கடிகளில் அவற்றில் சில விழித்து முழு நச்சுயிரியாக எழும். ஏ-யும் பி-யும் சேரும் கலப்புகளில் இனப்பெருக்கம் செய்வோரை நெடுங்காலம் தடுத்து வைத்த தடை இது. பி-யின் உரத்தோடு சேர்ந்து வந்த சுமை என்று இதைச் சொல்ல வேண்டும்.

கேவண்டிஷ் வாழையைத் தாக்கும் புதிய வாடல் இனமான டிஆர் 4, 2010-களில் பீகாரின் கட்டிஹார், பூர்ணியா பகுதிகளில் காணப்பட்டது. திசு வளர்ப்பில் பரவிய கிராண்ட் நைன் என்னும் கேவண்டிஷ் வகையை நம்பி இந்தியாவின் வாழைச் சந்தை வளர்ந்திருக்கும் காலத்தில் இது சிறு செய்தி அல்ல. ஆண்டுக்கு 3 கோடி டன்னுக்கு மேல் விளைவித்து, உலகில் முதலிடத்தில் உள்ள நாடு இது. கன்றையும் மண்ணையும் அங்கிருந்து இங்கே கொண்டுவராமல் தடுப்பதுதான் இப்போதைக்குக் காவிரிக்கரையின் முதல் காவல்.

2012-ல் வாழையின் மரபுத்தொகுதி முழுமையாக வாசிக்கப்பட்டபோது ஒரு செய்தி தெரிந்தது. இருமடியம் என்று சொல்லப்படும் காட்டு வாழையே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் மூன்று முறை தன் முழுத்தொகுதியையும் இரட்டித்துப் பின் சுருங்கிய ஒன்று. அதாவது பன்மடியம் வாழைக்கு ஆதியிலேயே பழகியது. அடுத்தடுத்த ஆண்டுகளின் ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: ஏ என்று ஒரே எழுத்தால் குறிக்கப்படுவது ஒரே மூலம் அல்ல. நியூ கினியா, ஜாவா, மலேயா, பர்மா வழிக் காட்டு வாழைகளின் துண்டுகள் ஒன்றோடொன்று பின்னிய கோவை அது. ஏ-க்கும் பி-க்கும் இடையேகூடச் சில வகைகளில் துண்டுகள் இடம் மாறியிருக்கின்றன. சிம்மண்ட்ஸின் எழுத்துக் கணக்கு பயன்படாததாகிவிடவில்லை. அதன் அடியில் இன்னும் நுண்ணிய கணக்கு ஒன்று எழுதப்பட்டு வருகிறது.

அந்த நுண்கணக்கால் இனப்பெருக்கம் செய்வோரின் வழியும் மாறியிருக்கிறது. மும்மடியத்திலிருந்து விதையைப் பிடுங்குவதைவிட, அதன் முன்னோரான இருமடியங்களை முதலில் மேம்படுத்தி, நோய் எதிர்ப்பையும் நல்ல பழத்தையும் அவற்றில் சேர்த்து, கோல்சிசினால் ஒன்றை இரட்டித்து, பின் மற்றொன்றோடு கலந்து மும்மடியத்தைப் புதிதாகக் கட்டுவது நம்பிக்கையான வழியாகியிருக்கிறது. கலப்பே இல்லாத வேறு வழியும் உண்டு: கிராண்ட் நைனின் திசுவைக் கதிரியக்கத்துக்கு உட்படுத்தி, குட்டையும் முன்பருவமும் கொண்ட காவேரி வாமன் என்னும் வகையை மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையமும் திருச்சி வாழை மையமும் சேர்ந்து உருவாக்கின. இரட்டிக்கும் வழிக்கோ வேண்டிய மூலப்பொருள் மட்டி, கதலி போன்ற சிறுதார் வாழைகளும், மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் விதையோடு வளரும் காட்டு வாழைகளும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கன்னியாகுமரி மட்டியும் இப்படி ஒரு புதிய மும்மடியத்துக்குப் பெற்றோராகக்கூடிய இருமடியங்களில் ஒன்று.